வர்ணத் தட்டும் நாதத் தடமும்

ஒரு சங்கீதத் தொகுப்பு வெளியாகி அரை நூற்றாண்டு கழிந்து, அதைக் கேட்டு ஆடிய தலைமுறை முதுமை எய்திவிட்ட பின்னர், அதே தொகுப்பைப் புதிதாக வார்த்து, முன்னே கறுப்பாயிருந்த தட்டைச் சிவப்பாகவும் நீலமாகவும் வெண்மையாகவும் விற்பனைக்கு வைக்கும் வழக்கம் மேல்நாடுகளில் இன்று பெருகியிருக்கிறது. வாங்குவோரில் ஒரு சாரார் அந்த வர்ணங்களின் அழகில் மனம் பறிகொடுத்து வாங்குகிறார்கள். மற்றொரு சாராரோ, வர்ணம் சேர்ந்தால் நாதம் கெடும் என்றும், உண்மையான தட்டு கறுப்பே என்றும் உறுதியாக நம்பி விலகி நிற்கிறார்கள். இவ்விரு கட்சிகளில் எதன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை ருசிபேதமாக விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு பொருளின் நிறம் எங்கிருந்து பிறக்கிறது, ஒரு தட்டின் ஒலி எங்கே குடியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ரசாயனமும் பௌதிகமும் தெளிவான விடை வைத்திருக்கின்றன. அவ்விடைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தால், வழக்கு தானே தீர்ந்துவிடும்.

நிதர்சனமான உதாரணம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விசாரிப்பது நலம். லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் 1965-ஆம் ஆண்டில் உருவான 'ஸ்மால் ஃபேஸஸ்' என்ற குழுவினர், 1968 மே மாதத்தில் 'ஆக்டன்ஸ் நட் கான் ஃப்ளேக்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். ஸ்டீவ் மேரியட், ரானி லேன், இயன் மெக்லேகன், கென்னி ஜோன்ஸ் என்ற நால்வரும் 'மாட்' என்று பெயர் பெற்ற வாலிபக் கூட்டத்தின் கண்மணிகளாக விளங்கியவர்கள். இத்தாலியத் தையலில் கச்சிதமான உடை, வெஸ்பா அல்லது லாம்பிரெட்டா ஸ்கூட்டர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆத்ம சங்கீதத்தின் மீது அடங்காத மோகம் ஆகிய மூன்றும் அக்கூட்டத்தின் லக்ஷணங்கள். லிவர்பூல் நகரத்துப் பழைய புகையிலை டப்பா ஒன்றைப் போலவே வட்டமாக அமைக்கப்பட்ட உறையில் வந்த அந்தத் தட்டு, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே கதை: பாதி தேய்ந்த சந்திரனைக் கண்ட ஸ்டான் என்ற பையன் காணாமற் போன மறுபாதியைத் தேடிப் புறப்படுகிறான், தேடி முடிப்பதற்குள் சந்திரன் தானே பூரணமாகிவிடுகிறது. ஸ்டான்லி அன்வின் என்ற நகைச்சுவைப் பேச்சாளர் தாமே சமைத்துக்கொண்ட குழறல் மொழியில் அக்கதையைச் சொல்லிச் செல்கிறார். அந்தத் தொகுப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2018-இல் வந்த மறுபதிப்பு, பிரிட்டிஷ் கொடியின் நிறங்களான சிவப்பு, வெண்மை, நீலம் ஆகிய மூன்று நிறங்களில் மூன்று தட்டுகளாக வெளிவந்தது. கறுப்புத் தட்டில் வந்த சங்கீதம் இந்த மூன்று நிறங்களுக்குள் புகுந்தபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பதே நம் கேள்வி.

முதலில், தட்டு என்றால் கறுப்பு என்ற எண்ணம் நம் மனத்தில் எப்படி வேரூன்றியது என்று பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு 78 முறை சுழன்ற பழைய கிராமபோன் தட்டுகள் அவலரக்கினால் ஆனவை. பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினே அது; சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து திரட்டப்பட்டு, கல்கத்தா வழியாகக் கப்பலேறி, உலகத்தின் தட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பிசின் மட்டும் தேய்மானத்தைத் தாங்காதாகையால், கல்லை அரைத்த நுண்பொடியை அதில் மிகுதியாகச் சேர்த்தார்கள். கலவையின் அழுக்கு நிறத்தை மறைக்கக் கரித்தூளும் சேர்ந்தது. கல்பொடி மேல் எஃகு ஊசி உராய்ந்ததனாலேயே பழைய தட்டுகளில் அந்த ஓயாத இரைச்சல் எழுந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அரக்கு வரத்து குன்றிவிடவே, அமெரிக்கப் போர்வீரர்களுக்கென்று அனுப்பப்பட்ட இசைத்தட்டுகளை வினைல் என்னும் செயற்கைப் பொருளில் வார்த்தார்கள். எளிதில் உடையாததும் இரைச்சல் குறைந்ததுமான அப்பொருளின் அருமை அப்போதே புலப்பட்டது. யுத்தம் முடிந்தபின், 1948-இல் கொலம்பியா கம்பெனி நிமிஷத்துக்கு 33⅓ முறை சுழலும் நீண்ட நேரத் தட்டை நியூயார்க்கில் அறிமுகம் செய்தது. அதற்குப் போட்டியாக 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி, 45 முறை சுழலும் சிறு தட்டுகளைக் கொண்டுவந்தபோது, செவ்வியல் சங்கீதத்துக்குச் சிவப்பு, நாட்டுப்புறப் பாடல்களுக்குப் பச்சை, குழந்தைகளுக்கு மஞ்சள் என்று வகைக்கொரு வர்ணமாகவே வார்த்து வெளியிட்டது. ஆகவே வர்ணத் தட்டு என்பது நேற்றைய வியாபார உபாயம் அன்று. வினைல் தட்டின் பிறப்போடு பிறந்தது அது.

இவ்வாறு வர்ணம் ஏற்பது வினைலுக்கு எளிதாக இருந்ததற்குக் காரணம், அதற்கென்று சொந்த நிறம் ஏதும் இல்லாமையே. பாலிவினைல் குளோரைடு என்பது, கார்பன் அணுக்கள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்து, ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஒரு குளோரின் அணு தொங்கும் நெடிய மூலக்கூறு. ஜெர்மானிய ரசாயனி யூஜின் பௌமன் 1872-இலேயே, வினைல் குளோரைடு வாயு சூரிய வெளிச்சத்தில் வெண்ணிறத் திடப்பொருளாக மாறுவதைக் கண்டார். ஆயினும், 1926-இல் வால்டோ சீமன் என்ற அமெரிக்கர் அதை இளக்கி வளையச் செய்யும் வழி கண்ட பிறகே அது தொழிலுக்கு உகந்ததாயிற்று. இசைத்தட்டுக்கு வேண்டிய கலவையில் ஏறத்தாழ நூற்றுக்கு 85 பங்கு வினைல் குளோரைடும் 15 பங்கு வினைல் அஸிடேட்டும் ஒரே சங்கிலியில் கலந்து கோக்கப்படுகின்றன. இடையிடையே வரும் அஸிடேட் உறுப்புகள் சங்கிலிகளை நெருங்கி அடுக்கவிடாமல் தடுப்பதால், உஷ்ணம் பட்டவுடன் பொருள் எளிதில் இளகி, மிக நுட்பமான பள்ளங்களுக்குள்ளும் பாய்ந்து நிறைகிறது.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லக்ஷத்தில் ஒரு பங்கு. ஒரு பொருள் இந்த அலைகளில் சிலவற்றை விழுங்கி மற்றவற்றை விட்டுவிட்டால், விடப்பட்டவையே அதன் நிறமாகத் தோன்றுகின்றன. வினைல் சங்கிலியில் எலெக்ட்ரான்கள் அணுக்களுக்கிடையே இறுகப் பிணைக்கப்பட்டிருப்பதால், அவற்றை அசைக்கப் புற ஊதாக் கிரணங்களின் சக்தி வேண்டும். சாதாரண ஒளிக்கு அவை மசிவதில்லை. சங்கிலிகள் ஒழுங்கற்றுக் கிடப்பதால், ஒளியைச் சிதறடிக்கும் படிகங்களும் அதில் அதிகம் இல்லை. விழுங்குதலும் இல்லை, சிதறலும் இல்லை. ஆகவே தூய வினைல் தெளிவாக இருக்கிறது. அதை அளவுக்கு மீறிச் சுட்டால் மட்டும் ஒரு மாறுதல் நேர்கிறது. ஒரு குளோரின் அணு, பக்கத்து ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாக வெளியேறிவிடுகிறது. அது விட்டுச்செல்லும் இரட்டைப் பிணைப்பு அடுத்த குளோரினையும் இளக்கிவிட, ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக ஏற்படுகின்றன. அவ்வரிசை நீள நீள, எலெக்ட்ரான்களின் கட்டு தளர்ந்து, அவை நீல ஒளியை விழுங்கத் தொடங்குகின்றன. பொருள் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கருகுகிறது. இதைத் தடுக்கவே தட்டுக் கலவையில் உலோக உப்புக்கள் முதலிய காப்புப் பொருள்கள் சிறிது சேர்க்கப்படுகின்றன.

அப்படியானால் தெளிவான பொருளில் கரி ஏன் சேர்த்தார்கள்? கரி எல்லா அலைநீளங்களையும் பேதமின்றி விழுங்குவது. நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்த்தாலே தட்டு முழுக் கறுப்பாகிவிடும். கலவையில் உள்ள மாசும், மறுபடி உருக்கிச் சேர்த்த கழிவுத் துண்டுகளின் நிறபேதமும் அதில் மறைந்துபோகும். புற ஊதாக் கிரணங்களைத் தடுத்து அது வினைலைக் காக்கும். கறுப்புப் பரப்பின் மேல் தடங்களின் பளபளப்பு நன்றாகத் தெரிவதால் குறைகளைக் கண்டுபிடிப்பதும் சுலபம். கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால் கறுப்புத் தட்டில் தூசி ஒட்டாது என்று ஒரு வாதம் சொல்லப்படுவதுண்டு. இவ்வளவு சொற்பமான கரியில் துகளுக்குத் துகள் தொடர்பு ஏற்படாதாகையால் அது பொருந்தாது. 1981-இல் ஆர்.சி.ஏ. கம்பெனி வெளியிட்ட வீடியோ படத்தட்டுகளை மெய்யாகவே மின்கடத்திகளாக்க வேண்டியிருந்ததால், அவற்றில் கரியை ஏராளமாகத் திணிக்க நேர்ந்தது. சாதாரணத் தட்டில் கரியின் வேலை மறைப்பதும் காப்பதுமே. பாடுவதில் அதற்குப் பங்கு இல்லை.

கரிக்குப் பதிலாக வர்ணத்தைச் சேர்க்கும்போது இரண்டு மார்க்கங்கள் உண்டு. சாயம் என்பது பிளாஸ்டிக்கில் மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்துவிடுவது. அதனால் தட்டு கண்ணாடியைப் போல் ஊடுருவிப் பார்க்கத்தக்கதாகவும் வர்ணம் உடையதாகவும் அமையும். நிறமி என்பது கரையாத நுண்துகள்; அது பொருளெங்கும் பரவி நின்று ஒளியை விழுங்கவும் சிதறடிக்கவும் செய்யும். வெண்மை பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற நிறமியால் வருகிறது. வினைலின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.54, டைட்டானியம் டை ஆக்ஸைடின் எண் 2.6-க்கும் மேல். இவ்விரண்டுக்கும் உள்ள பெரும் வித்தியாசத்தினால், ஒளி ஒவ்வொரு துகளிலும் திசைமாறித் திசைமாறி, ஒன்றும் விழுங்கப்படாமல் முழுவதும் வெளியே திரும்பிவிடுகிறது, அதுவே வெண்மை. ஒளியலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதியளவுள்ள துகள், அதாவது 200 முதல் 300 நானோமீட்டர் வரை உள்ளது, இவ்வேலையை மிகச் சிறப்பாகச் செய்கிறது. நீலத்துக்கு இன்று பிளாஸ்டிக் தொழிலில் பெரிதும் பயன்படும் தாலோசயனின் என்ற நிறமிக் குடும்பத்தின் கதை ரசமானது. ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்ற ஊரின் சாயத் தொழிற்சாலையில் 1928-இல், வேறொரு ரசாயனத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் கண்ணாடிப் பூச்சு விரிசல் கண்டு, உள்ளிருந்த இரும்பு கலவையோடு கூடியதால் ஆழ்ந்த நிறமுள்ள வஸ்து ஒன்று எதிர்பாராமல் தோன்றியது. அதை அலக்ஷியமாகக் கழித்துவிடாமல் எடுத்து ஆராய்ந்தார்கள். லண்டனில் பாட்ரிக் லின்ஸ்டெட் என்ற பேராசிரியர் அதன் அமைப்பை வெளிப்படுத்தினார். இரும்புக்குப் பதில் செம்பைச் சேர்த்து உண்டான அழியாத நீலம் 1935-இல் 'மானஸ்ட்ரல்' என்ற பெயருடன் சந்தைக்கு வந்தது. வினைலில் உஷ்ணத்தால் உண்டாகும் மஞ்சளும், இந்த நிறமியின் நீலமும், ஒன்றுவிட்டு ஒன்று வரும் இரட்டைப் பிணைப்புகளில் எலெக்ட்ரான்கள் சுயேச்சையாக உலவுவதாலேயே தோன்றுகின்றன. ஒன்று சிதைவினால் வந்த விபத்து. மற்றொன்று அசைக்க முடியாத உறுதி வாய்ந்த அமைப்பு.

நிறத்தின் பிறப்பிடத்தை அறிந்தோம். இனி நாதத்தின் இருப்பிடத்துக்கு வருவோம். நீண்ட நேரத் தட்டின் ஒரு பக்கத்தில், வெளி ஓரத்தில் தொடங்கி மத்தியை நோக்கிச் சுருண்டு செல்லும் தடம் ஒன்றே ஒன்றுதான். இருபது நிமிஷம் ஓடும் பக்கத்தில் அது ஏறத்தாழ 667 சுற்றுகள் சுற்றி, நீட்டி அளந்தால் சுமார் 430 மீட்டர் வரும். அந்தத் தடத்தின் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகளே சங்கீதம். வெளிச்சுற்றில் தடம் ஊசியின் கீழ் வினாடிக்கு 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உட்சுற்றிலோ 21 சென்டிமீட்டர்தான். ஆகவே வினாடிக்கு 10,000 அதிர்வுள்ள ஒரு மெல்லிய கீச்சொலி வெளிச்சுற்றில் 51 மைக்ரான் நீளத்தில் ஒரு நெளிவாகப் பரந்திருக்க, உட்சுற்றில் அதே ஒலி 21 மைக்ரானுக்குள் நெருக்கப்படுகிறது. ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் உச்ச ஸ்வரங்கள் சற்று மங்குவதும் பிசிறுவதும் இந்த நெருக்கத்தினாலேயே; தட்டு எந்த நிறமாயிருந்தாலும் இது நேர்ந்தே தீரும்.

1931-இல் பிரிட்டனின் இ.எம்.ஐ. கம்பெனிப் பொறியியலாளர் ஆலன் புளூம்லைன் விண்ணப்பித்த காப்புரிமை, ஒரே தடத்தின் இரண்டு சுவர்களும் சாய்கோணத்தில் நின்று ஆளுக்கொரு ஒலியைத் தாங்கலாம் என்று காட்டியது. ஒவ்வொரு சுவரும் 45 பாகை சாய்ந்து நிற்கும் அந்த அமைப்பே 1950-களின் இறுதியில் ஸ்டீரியோ தட்டாக உலகெங்கும் பரவியது. மோனோத் தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டும் அசையும்; ஸ்டீரியோவில் இரு காதுகளுக்கும் உரிய ஒலிகளின் வித்தியாசம், ஊசியை மேலும் கீழுமாகவும் அசைக்கும். கனத்த தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் தடம் பக்கத்துத் தடத்துக்குள் புகுந்துவிடும் என்பதால், வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளை ஓங்கச் செய்தும் பதிந்து, கேட்கும்போது அதை நேர்மாறாகத் திருத்திக்கொள்வது வழக்கம். 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில்துறைச் சங்கம் வகுத்த வளைகோடு இதற்குப் பொது விதியாயிற்று. உயர்ந்த ஒலிகள் ஓங்கிப் பதிவதனால், தட்டின் பரப்பிலிருந்து எழும் சீறலும் திருத்தத்தின்போது சேர்ந்து அடங்குகிறது.

இந்தத் தடம் பிளாஸ்டிக்கில் நேரடியாக வெட்டப்படுவதில்லை. அலுமினியத் தட்டின் மேல் பூசிய நைட்ரோசெல்லுலோஸ் மெருகில், சூடேற்றிய மாணிக்கக் கூர்முனை தடத்தை வெட்டுகிறது. அதன்மேல் வெள்ளிப் பூச்சுத் தெளித்து, மின்முலாம் தொட்டியில் நிக்கலைப் படியவிட்டு உரித்தால், பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் மாறிய நிக்கல் தகடு கிடைக்கிறது. அதைத் தொழிலாளர் 'தந்தை' என்பார்கள். தந்தையிலிருந்து 'தாய்', தாயிலிருந்து அச்சுத் தகடுகள் என்று வமிசம் வளர்கிறது. ஓர் அச்சுத் தகடு ஏறத்தாழ ஆயிரம் தட்டுகளை அச்சிட்டுத் தேயும். மேலும் கீழும் அச்சுத் தகடு பொருத்திய யந்திரத்தின் நடுவே, கொழுக்கட்டைக்குப் பிசைந்த மாவுபோல் சூடாக இளகிய வினைல் உருண்டையை வைத்து, ஏறத்தாழ 150 பாகை உஷ்ணத்தில், நூறு டன் அளவிலான பலத்தோடு அமுக்குகிறார்கள். உடனே குளிர்நீர் பாய்ச்சி உறையச் செய்கிறார்கள். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தில் வினைல் நிக்கலின் ஒவ்வொரு நெளிவையும் பிரதி எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இனி வழக்கின் மையத்துக்கு வரலாம். சாதாரண உரத்த ஒலி ஒன்று, வினாடிக்கு 1,000 அதிர்வில் ஊசியைச் சுமார் 8 மைக்ரான் அசைக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மெல்லிய ஒலிக்கோ அசைவு 8 நானோமீட்டர்தான். வெண்மைக்குச் சேர்த்த நிறமித் துகளே 250 நானோமீட்டர் பருமன் உள்ளது என்றால், அந்த மெல்லொலி துகள்களுக்கிடையே அமிழ்ந்துபோகாதா என்று கேட்பது இயற்கை. வர்ணத்தை எதிர்ப்போரின் சிறந்த வாதம் இதுவே. இதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும்.

விடை இரண்டு பகுதிகள் உடையது. முதலாவது, தட்டின் மேற்பரப்பைச் செதுக்குவது துகள் அன்று, வழவழப்பான நிக்கல் அச்சு. இளகிய வினைல் அந்த நிக்கலை ஈரம் போல் தழுவிப் பரவும்போது, துகள்கள் அதனுள்ளே அமிழ்ந்து, அவற்றின்மேல் வினைலின் மெல்லிய தோல் ஒன்று போர்த்தப்படுகிறது. இரண்டாவது, வைர ஊசியின் முனை பல மைக்ரான் அகலமான இடத்தில் பரப்பைத் தொட்டு, அவ்விடத்து மேடுபள்ளங்களின் சராசரியையே உணர்கிறது. இரண்டு கிராம் எடையைத்தான் ஊசி சுமக்கிறது. ஆயினும் தொடுமிடம் அத்தனை சிறியதாகையால், அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் உயர்ந்து, வினைலை ஒரு கணம் அமுங்கச் செய்து, ஊசி நகர்ந்ததும் மீள விடுகிறது. இந்த மீள்தன்மை வினைலுக்கே உரிய குணம். நன்றாகக் கலந்த சொற்ப நிறமி அதைப் பாதிப்பதில்லை.

ஆனால், "நன்றாகக் கலந்த" என்று சொன்னேனே, அந்த நிபந்தனையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிறமி சரியாகப் பிரியாமல் கட்டிபட்டுவிட்டால், பல மைக்ரான் பருமனுள்ள கட்டிகள் ஊசிக்குத் தடையாகி 'டிக்' என்ற சத்தத்தை எழுப்பும். ஒரு தட்டில் பல வர்ணங்களைத் தெளித்தாற்போல் வார்க்கும்போது, ஒன்று மற்றொன்றைவிடச் சீக்கிரம் இளகுவதாயிருந்தால், சில தடங்கள் முழுமையாக நிறையாமல் போய்ப் பிசிறலான இரைச்சல் பிறக்கும். இருளில் ஒளிரும் தட்டுகளில் சேர்க்கும் ஒளிர்பொருள் கரடுமுரடான துகள்களாலானது. அதை மிக நுணுக்கமாக அரைத்தால் ஒளிரும் சக்தி குன்றும். படம் அச்சிட்ட தட்டுகளில், காகிதப் படத்தின் மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டிலேயே தடம் பதிகிறது. அந்த ஏடு இசைக்கென்று அமைந்த கலவை அன்றாகையால் இரைச்சல் அதிகம். ஆகவே, வர்ணம் ஒலியைக் கெடுக்கும் என்ற அனுபவம் சில இடங்களில் மெய். அதற்குக் காரணத்தை நிறத்தில் தேடுவது தவறு. கழிவுத் துண்டுகளை மிகுதியாக உருக்கிச் சேர்த்த கறுப்புத் தட்டு, தூய கலவையில் கவனத்தோடு வார்த்த நீலத் தட்டைவிட நிச்சயம் மோசமாக ஒலிக்கும். கரி அதன் பாவங்களைக் கண்ணுக்கு மறைக்கும், காதுக்கு மறைக்காது.

இந்த முடிவைக் கண்ணாலேயே கண்டு தெளியவும் ஒரு வழி உண்டு. 1930-இல் ஜெர்மனியில் புஹ்மன், மேயர் என்ற இருவர், தட்டின்மீது ஓர் ஒளிக்கற்றையைச் சாய்வாகப் பாய்ச்சிப் பார்த்தால், தடங்களின் மேல் ஒரு பிரகாசமான பட்டை தோன்றுவதையும், பதிந்த ஒலி வலுக்க வலுக்க அப்பட்டை அகலுவதையும் கண்டு, அந்த அகலத்திலிருந்தே பதிவின் வேகத்தைக் கணிக்கும் முறையை வகுத்தார்கள். தடத்தின் சுவர் எவ்வளவு சாய்ந்து நெளிகிறதோ அவ்வளவு தூரம் ஒளி திரும்புகிறது என்பதே அதன் தத்துவம். இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பளபளப்பின் நிறம். சிவப்புத் தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால், தட்டின் உடல் சிவப்பாயிருக்க, தடங்களின் மேல் மின்னும் கோடு மட்டும் விளக்கின் வெண்மையையே காட்டுகிறது. வினைலின் மேற்பரப்பில் பட்டவுடனே திரும்பும் ஒளி நூற்றுக்கு நாலரைப் பங்கு மட்டும். அது பொருளுக்குள் நுழையாததால் எந்த நிறத்தையும் ஏற்பதில்லை. எஞ்சிய ஒளி உள்ளே சென்று, நிறமியைச் சந்தித்து, வர்ணம் பூண்டு வெளிவருகிறது. ஊசி தொட்டுணரும் இடமும் அந்த மேற்பரப்பே. வர்ணம் தட்டின் உடலுக்கு உரியது. நாதம் அதன் பரப்புக்கு உரியது. ஒரே வஸ்துவில் குடியிருந்தும் ஒன்றின் காரியத்தில் மற்றொன்று தலையிடுவதில்லை என்பதற்கு இந்த நிறமற்ற மினுக்கத்தைவிடச் சிறந்த சாக்ஷி வேண்டியதில்லை.

அப்படியானால் மறுபதிப்பின் தரத்தைத் தீர்மானிப்பது எது? லண்டனின் பார்ன்ஸ் பகுதியிலிருந்த ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடம், ஸ்மால் ஃபேஸஸ் குழுவினருக்குப் பழகிய இடம். 1967-இல் அவர்களுடைய 'இச்சிக்கூ பார்க்' பாட்டுக்காக, ஒரே ஒலியின் இரண்டு பிரதிகளை மிகச் சிறிய கால வித்தியாசத்துடன் ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, அலைகள் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் அழிந்தும் சுழலும் விசித்திர ஓசையை அக்கூடத்துப் பொறியியலாளர்கள் உண்டாக்கினார்கள். அத்தகைய நுட்பங்கள் நிறைந்த ஒலிப்பதிவு, காந்த நாடாவிலிருந்து தட்டுக்கு வரும் வழியில் எத்தனை கைமாறுகிறதோ அத்தனை படி தேய்கிறது. 1968-இல் இத்தொகுப்பு மோனோவாகவும் ஸ்டீரியோவாகவும் தனித்தனியே வெளிவந்தது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள முடியாது. ஆகவே, மறுபதிப்பை வாங்க நினைக்கும் ரசிகர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், முதல் நாடாவா அல்லது பிரதியின் பிரதியா; இரண்டு வடிவங்களில் எது இது; தடத்தை வெட்டியவர் யார்; எந்த ஆலையில், எத்தகைய கலவையில் வார்த்தார்கள். இவை தெரிந்த பிறகே நிறத்தைப் பற்றி யோசிப்பது முறை.

நிறத்தைத் தேர்ந்துகொண்ட பின், பேணும் கடமையும் சேர்ந்தே வருகிறது. கரியின் நிழல் இல்லாத தட்டைச் சூரிய வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். உராய்ந்தால் எதிர்மின்னேற்றம் பெற்றுத் தூசியை ஆகர்ஷிப்பது வினைலின் பொதுக் குணம். அது எந்த நிறத்தையும் விலக்குவதில்லையாதலால், சுத்தமான மெல்லிய தூரிகையும், செங்குத்தாக நிறுத்தும் அலமாரியும் எல்லாத் தட்டுக்கும் வேண்டும்.

ஒரு தலைமுறையின் சங்கீதம் அடுத்த தலைமுறையைச் சென்று சேர்வது பலருடைய சிரத்தையினால். நாடாவைக் காத்தவர், தடத்தை வெட்டியவர், நிக்கல் அச்சைத் துடைத்து வைத்தவர், நிறமியைக் கட்டி இல்லாமல் கலந்தவர் ஆகிய ஒவ்வொருவருடைய கவனமும் தட்டின் மேற்பரப்பில் பதிந்திருக்கிறது. அவர்களில் ஒருவர் அசட்டை செய்தாலும் அது காதுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சிரத்தை உள்ள தட்டு சிவப்பாயினும் வெண்மையாயினும் நீலமாயினும் தயங்காமல் வாங்கலாம். அது இல்லாத தட்டை, எவ்வளவு கறுப்பாயிருந்தாலும், கடையிலேயே விட்டுவிடுவதுதான் நியாயம்.